இரண்டு பெண்கள் வாழும் வீட்டில் அடி விழும்போது

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. அவருடைய கல்லூரித் தோழி நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் இன்னொரு பெண்ணோடு இணையாக வாழ்கிறாள். வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீடுகளிலும் 'சித்தி பெண்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஓராண்டாக அடியும் வசவும். போன மாதம் வலது கை விரல் ஒன்று முறிந்திருக்கிறது; அரசு மருத்துவமனையில் 'கதவில் நசுங்கிவிட்டது' என்று சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். "இருவருமே பெண்கள். இதைக் குடும்ப வன்முறை என்று சொல்லலாமா? சட்டம் ஏதாவது துணைக்கு வருமா? நான் என்ன செய்வது?"

முதல் கேள்விக்கு என் பதில், தயங்காமல் ஆம். இரண்டாவதற்குப் பாதி ஆம். மூன்றாவதற்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளாகக் குடும்ப வன்முறை வழக்குகளில் வழக்கறிஞராக நிற்கிறேன். 'கதவில் நசுங்கியது', 'குளியலறையில் வழுக்கியது', 'மாடிப்படியில் தவறியது' ஆகிய மூன்றும் கணவனிடம் அடிவாங்கிய பெண்கள் வாயிலிருந்து வாரம் ஒருமுறையாவது கேட்கிற வாக்கியங்கள். ஆனால் தாலி கட்டிய பெண் இப்படிச் சொன்னால், கட்டுப்போடுகிற நர்ஸ் அக்காவுக்கே சந்தேகம் வரும். "வீட்டுக்காரர் அடிச்சாராம்மா?" என்று காதோடு கேட்பார். உங்கள் தோழியிடம் அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சித்தி பெண்ணோடு குடியிருப்பவளை யார் அடிக்கப்போகிறார்கள்? அந்த உறவுக்கு வெளியே பெயர் இல்லாததால் அதற்குள் விழுகிற அடிக்கும் பெயர் இல்லை. அடிப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். இந்தப் பெயரின்மையையே அவர் கைத்தடியாகப் பிடித்துக்கொள்வார்.

ஒன்றைக் கிட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்; அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓர் இளைஞர் வந்தார். உடம்பில் காயம் எதுவும் இல்லை. அவரோடு வாழ்ந்த ஆண், சண்டை வரும்போதெல்லாம் தன் கைப்பேசியை எடுத்து இவருடைய அக்காவுக்கு ஒரு செய்தி தட்டச்சு செய்வாராம். 'உங்கள் தம்பியைப் பற்றி ஒரு விஷயம்' என்று தொடங்கி, நாலு வரி, கூடவே ஒரு புகைப்படம். பிறகு திரையை இவர் முகத்துக்கு நேரே பிடித்து, அனுப்பும் பொத்தானுக்கு மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். இவர் மன்னிப்புக் கேட்டதும், அல்லது ஏ.டி.எம். அட்டையைக் கொடுத்ததும், எழுத்து எழுத்தாக அழிப்பார். இரண்டு ஆண்டுகளில் அந்தச் செய்தி ஒருமுறைகூட அக்காவுக்குப் போகவில்லை. "அவர் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்" என்றார் அந்த இளைஞர். தன்பாலீர்ப்பு உறவுகளில் நடக்கும் வன்முறைக்கு இதுதான் தனி அடையாளம். அறையும் உதையும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். 'வீட்டில் சொல்லிவிடுவேன், ஆபீஸில் சொல்லிவிடுவேன்' என்ற மிரட்டல் இங்கே ஓர் ஆயுதக் கிடங்குக்குச் சமம்.

இது அரிதாக நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் நடத்திய தேசிய அளவிலான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது இணையின் கையால் வன்புணர்வு, உடல் வன்முறை அல்லது பின்தொடர்தல் ஆகியவற்றில் ஒன்றை அனுபவித்ததாகச் சொன்ன லெஸ்பியன் பெண்கள் 43.8 விழுக்காடு; எதிர்பாலீர்ப்புப் பெண்களில் அது 35 விழுக்காடு. தன்பாலீர்ப்பு ஆண்களில் 26, எதிர்பாலீர்ப்பு ஆண்களில் 29. இந்த எண்களை எடுத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, இந்த உறவுகளே இப்படித்தான்' என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த 43.8-இல் மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் தங்களுக்கு வன்முறை செய்தவர்களில் ஆண்களும் இருந்ததாகச் சொன்னவர்கள். முன்னாள் கணவன், முன்னாள் காதலன் எல்லாம் அந்தக் கணக்கில் வருவார்கள். அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: இரண்டு பெண்கள் வாழும் வீடு என்பதாலேயே அது பத்திரமான வீடு ஆகிவிடாது.

அடுத்து, காவல் நிலையத்தில் தொடங்கி நண்பர் வட்டம் வரை எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உங்களில் யார் ஆம்பிளை?" கேட்பவர் கிண்டலுக்குக் கேட்டாலும் அக்கறையில் கேட்டாலும் விளைவு ஒன்றே. உயரமானவள், முடியை வெட்டியிருப்பவள், சட்டை போடுபவள் அடித்திருப்பாள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்ததில் பாதி நேரம் அது தப்பு. என்னிடம் வந்த ஒரு பெண் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்றுநர். அவளை அடித்தவள் அவள் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். "நான் திருப்பி ஒரு தட்டுத் தட்டினால் அவள் விழுந்துவிடுவாள், அப்புறம் எல்லோரும் என்னைத்தான் சொல்வார்கள்" என்று கையைக் கட்டிக்கொண்டு அடிவாங்கியவள் அவள்.

ஆகவே ஆள் கட்டு எப்படி என்று நான் பார்ப்பதில்லை. சில சின்னக் கேள்விகள் கேட்பேன். உன் கைப்பேசியை யார் திறக்கலாம், அவள் கைப்பேசியை யார் திறக்கலாம்? சம்பளம் வந்த அன்று என்ன நடக்கும்? வேலையிலிருந்து அரை மணி நேரம் தாமதமாகப் போனால்? 'இன்றைக்கு வேண்டாம்' என்று படுக்கையில் சொன்னால்? அம்மாவுக்குப் போன் செய்யும்போது எங்கே நின்றுகொண்டு பேசுவாய்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெண் "மொட்டை மாடியில், தண்ணீர் மோட்டார் ஓடும்போது" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

'இருவருமே அடித்துக்கொள்கிறோம்' என்று உங்கள் தோழி சொல்லக்கூடும். பெரும்பாலும் சொல்வார்கள். ஓராண்டு அடிவாங்கிவிட்டு ஒருநாள் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பாள். அந்த ஒரு கரண்டியை வைத்தே அவளைக் குற்றவாளியாக்கி வைத்திருப்பார்கள். யார் யாரைக் கண்டு பயப்படுகிறார்கள், யாருடைய வாழ்க்கை சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்று பாருங்கள், தெளிந்துவிடும். இந்தக் காரணத்துக்காகவே, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கவுன்சலிங் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே மனம்விட்டுச் சொன்னதற்கு அன்று இரவு வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும்.

இனி சட்டம். பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் பலரும் தவறான நம்பிக்கையோ தவறான அவநம்பிக்கையோ கொள்கிறார்கள்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்து 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவு, உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் என்று வன்முறையை வரையறுக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் தோழியின் ஓராண்டை உட்கார்ந்து பார்த்து எழுதியதுபோல் இருக்கும். சிக்கல் அந்தப் பிரிவில் இல்லை, வாசலில் இருக்கிறது. உள்ளே நுழைய 'குடும்ப உறவு' இருந்தாக வேண்டும்: இரத்த உறவு, திருமணம், தத்து, கூட்டுக் குடும்பம், அல்லது 'திருமணத்தின் தன்மையிலான உறவு'. உங்கள் தோழிக்குப் பொருந்தக்கூடியது கடைசி மட்டுமே.

அந்தக் கடைசிச் சொற்றொடருக்கு உச்ச நீதிமன்றம் 2010-இல் விளக்கம் சொன்னது. வழக்கு நம் கோயம்புத்தூரிலிருந்து போனதுதான், வேலுசாமி எதிர் பச்சையம்மாள். சமூகத்தின் முன் தம்பதியாக விளங்க வேண்டும், வயது வந்திருக்க வேண்டும், சட்டப்படி திருமணம் செய்துகொள்ளும் தகுதி இருக்க வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள். மூன்றாவது நிபந்தனை போதும், கதவு மூடிக்கொள்கிறது. 2013 நவம்பர் 26 அன்று இந்திரா சர்மா வழக்கில் அதே நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: தன்பாலினத் துணைவர்களின் உறவை இந்தச் சட்டம் அங்கீகரிக்கவில்லை, அதைத் திருமணத்தின் தன்மையிலான உறவு என்று கொள்ள முடியாது. வேடிக்கை என்னவென்றால், அதே பத்தியில் தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டனின் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாம் இந்த உறவுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன என்றும் பட்டியல் போட்டிருக்கிறது. அடுத்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று காட்டிவிட்டு நம் வீட்டுக் கதவைச் சாத்துகிற கதைதான். சரியாகப் பதினைந்து நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு செல்லும் என்ற கௌஷல் தீர்ப்பும் வந்தது. அந்தக் காலத்தின் காற்று அப்படி.

பிறகு காற்று மாறியது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பு, வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்கு முன்பே, 2016 அக்டோபரில், ஹிரால் ஹர்சோரா வழக்கில், குடும்ப வன்முறைச் சட்டத்தின் எதிர்மனுதாரர் 'வயது வந்த ஆண்' ஆகத்தான் இருக்க வேண்டும் என்ற சொற்களை உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. அதனால் ஒரு பெண் இன்னொரு பெண்மீது இந்தச் சட்டப்படி மனுப் போடலாம், அதில் தடை இல்லை. மிச்சம் இருப்பது உறவின் பெயர் மட்டுமே. இந்திரா சர்மா வழக்கு, மணமான ஓர் ஆணோடு வாழ்ந்த பெண்ணைப் பற்றியது. தன்பாலினத் துணைவர்களைப் பற்றிய வரி அந்த வழக்கைத் தீர்க்கத் தேவையில்லாமல் போகிற போக்கில் சொன்னது, 2018-க்குப் பிறகு அதற்கு வலு இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது. துணிச்சலான வழக்கறிஞர் கிடைத்தால் வாதாடட்டும். ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் தன்பாலினத் துணைவர்களுக்குத் திருமண உரிமை மறுக்கப்பட்டிருக்கிற நிலையில், விரல் முறிந்த ஒரு பெண்ணின் பாதுகாப்பை அந்த வாதத்தின் மேல் மட்டும் தொங்கவிட நான் ஒப்பமாட்டேன்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? உறவைக் கேட்காத சட்டத்தை. பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது, அடித்தவர் யார், அடிபட்டவருக்கு அவர் என்ன வேண்டும் என்று பெரும்பாலான பிரிவுகளில் கேட்பதில்லை. 85-ஆம் பிரிவு, பழைய 498ஏ, கணவனையும் அவன் உறவினரையும் பற்றியது என்பதால் பொருந்தாது, அதை விட்டுவிடுங்கள். எலும்பு முறிவு என்பது 116-ஆம் பிரிவின்படி கொடுங்காயம். விரல் எலும்பும் எலும்புதான். 117-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை, காவல்துறை நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய குற்றம். இதை எழுதும்போது அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'ரூம்மேட் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் அனுப்பிவிடப் பார்ப்பார்கள். சாதாரண அறைக்கு, 115-ஆம் பிரிவுக்கு, அப்படி அனுப்ப அவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, முறிவுக்கு இல்லை. வீட்டுக்குள் பூட்டி வைத்தால் 127. 'சொல்லிவிடுவேன்' என்று மிரட்டினால் 351, மிரட்டிப் பணம் பறித்தால் 308. விருப்பத்துக்கு மாறாகப் பெண்ணின் உடலில் கைவைப்பதைக் குற்றமாக்கும் 74-ஆம் பிரிவு, செய்பவர் ஆணாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தரங்கப் படங்களைப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ.

புகாரில் உறவை எழுத வேண்டுமா என்று கேட்பார்கள். அது அவள் முடிவு. 'ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்துவருகிறோம்' என்ற ஒரு வரியே இந்தப் பிரிவுகளுக்குப் போதும். மறைக்கவும் வேண்டாம், விசாரணையில் பொய் சொல்லவும் வேண்டாம்; ஆனால் தன் காதலின் வரலாற்றைக் காவல் நிலைய ரைட்டர் முன் ஒப்பிக்க வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

கிடைக்காமல் போவது எது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மனைவிக்குக் கிடைக்கும் குடியிருப்பு உத்தரவு, இடைக்காலப் பராமரிப்பு, மீறினால் ஓராண்டு சிறை என்ற பல்லோடு வரும் பாதுகாப்பு உத்தரவு எதுவும் இவளுக்கு எளிதில் வராது. வீட்டு வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், அட்வான்ஸ் யார் கணக்கிலிருந்து போனது என்பதே வீட்டைத் தீர்மானிக்கும். பாதிச் சம்பளத்தை நான்கு ஆண்டுகளாகக் கையில் ரொக்கமாகக் கொடுத்தவளுக்கு நாளை காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. தன்பாலினத் துணைவர்கள் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் அந்தக் கணக்குக்கு ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று ஒன்றிய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. புதிதாகச் சேர்ந்து வாழத் தொடங்கும் எல்லோரிடமும் நான் சொல்வது: காதலிக்கிற காலத்திலேயே பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், ஒப்பந்தத்தில் இரண்டு பெயரையும் போடுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஆண்களின் நிலை இன்னும் மோசம். புதிய சட்டத்தில் 377 அடியோடு போய்விட்டது. மனமொத்த உறவைப் பொறுத்தவரை அது நல்லதே. ஆனால் வயது வந்த ஆண் வன்புணர்வுக்கு ஆளானால் பொருத்தமான பிரிவே இல்லாமல் போயிற்று. 63-ஆம் பிரிவு பெண்ணைப் பாதிக்கப்பட்டவராக மட்டுமே பார்க்கிறது. காயம், அடைத்துவைத்தல், மிரட்டல் என்ற பிரிவுகளில்தான் அந்த ஆண் தன் புகாரை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். பெண்களுக்குப் பெயரளவிலாவது இருக்கிற தங்குமிடமும் அவர்களுக்கு இல்லை. திருநர் என்றால், 2019-ஆம் ஆண்டுத் திருநர் சட்டத்தின் 18-ஆம் பிரிவு உடல், பாலியல், சொல், உணர்வு, பொருளாதார வன்முறைகளைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. அது தனிக் கதை, இன்னொரு முறை எழுதுகிறேன்.

இப்போது, உங்கள் மனத்தில் நிச்சயம் ஓடியிருக்கும் யோசனை ஒன்று: 'பேசாமல் அம்மா வீட்டுக்குப் போய்விடச் சொல்லலாமா?' தயவுசெய்து அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். கணவனிடம் அடிவாங்கிய பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று பெயருக்காவது இருக்கிறது. இங்கே பலர் பிறந்த வீட்டின் அடிக்குத் தப்பித்தான் இணையிடம் வந்தவர்கள். 2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள் தொடுத்த சுஷ்மா வழக்கில், உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு பலருக்கும் தெரிந்திருக்கும். வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், 'பெண்ணைக் காணவில்லை' என்ற புகாரைக் காவல்துறை முடித்துவிட வேண்டும், துன்புறுத்தக் கூடாது, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை என்றெல்லாம் அது சொன்னது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளையே திருத்தியது. 2025 மே 22 அன்று வேலூர் மாவட்ட வழக்கு ஒன்றில், பெற்றோர் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அவள் விருப்பப்படி போகலாம் என்று இரு நீதிபதிகள் அமர்வு விடுவித்தது. வீட்டில் அடித்ததாகவும், 'சரிசெய்ய' சடங்குகள் செய்யவைத்ததாகவும் அந்தப் பெண் சொன்னாள். திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு அடித்தளம் அல்ல, தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பமே என்றது அந்த அமர்வு.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: பிறந்த வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் அடித்தால் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். இரத்த உறவு போதும். 'குடும்ப வன்முறை' என்றாலே மருமகள் வழக்கு என்று நினைத்துக்கொண்டு இதை யாரும் தொடுவதே இல்லை. ஹர்சோரா வழக்கே ஒரு தாயும் மகளும், மகன், மருமகள், மற்ற மகள்கள்மேல் போட்ட வழக்குதான்.

ஆனால் இந்தத் தீர்ப்புகள் எல்லாம் வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்கின்றன. உள்ளே விழுகிற அடியைப் பற்றி அவை பேசவில்லை. சொல்லப்போனால் ஒரு புதிய பூட்டும் விழுந்திருக்கிறது. ஊரை எதிர்த்து, பெற்றவர்களை எதிர்த்து, நீதிமன்றப் படியேறிச் சேர்ந்த இருவரில் ஒருத்தி, ஆறு மாதம் கழித்து 'அவள் என்னை அடிக்கிறாள்' என்று எந்த வாயால் சொல்வாள்? 'அப்போதே சொன்னோமே' என்று சொல்ல ஊரே காத்திருக்கிறது. நண்பர் வட்டமும் இதற்கு விலக்கல்ல. எல்லோரும் எல்லோரையும் தெரிந்த சின்ன வட்டம். அடிப்பவள் அங்கே எல்லோருக்கும் வேண்டியவளாக, ஊர்வலத்தில் முன்னால் நடப்பவளாக இருக்கலாம். 'வெளியே தெரிந்தால் நம் எல்லோர் பேரும் கெடும்' என்று நல்லவர்களே வாயைப் பொத்துவார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பேர் ஏற்கெனவே கெட்டுத்தான் கிடக்கிறது. விரலாவது முறியாமல் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கும் சுருக்கமாக. இலங்கையில் தண்டனைச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகள் இந்த உறவையே குற்றமாக வைத்திருப்பதால், புகார் கொடுக்கப் போகும் முன் நம்பகமான வழக்கறிஞரிடம் பேசிவிட்டுத்தான் போக வேண்டும். 'நான் போலீஸுக்குப் போவேன்' என்று அடிப்பவரே மிரட்டக்கூடிய நாடு அது. பிரிட்டனில் நிலைமை தலைகீழ். அங்கே துணைவர் விசாவில் போய் வன்முறைக்கு ஆளானவர், உறவு முறிந்தாலும் நிரந்தரக் குடியிருப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க விதி இருக்கிறது, தன்பாலினத் துணைவர்களுக்கும் சேர்த்து. 'உன் விசா என் கையில்' என்ற மிரட்டலை நம்பிக்கொண்டு அங்கே ஒருவரும் அடிவாங்கத் தேவையில்லை. காலப் என்ற அமைப்பு தன்பாலீர்ப்பினருக்கும் திருநருக்கும் என்றே அங்கே உதவி எண் நடத்துகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில், 'உடனே வெளியே வா' என்று அழுத்தாதீர்கள். கிளம்புகிற நேரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான நேரம். கை நழுவுகிறது என்று தெரிந்ததும் அடி கூடும். அவள் சொல்வதை நம்புங்கள், அதை அவளிடம் வாயால் சொல்லுங்கள். பிறகு மெதுவாகச் சில ஏற்பாடுகள். ஆதார், கல்விச் சான்றிதழ்கள், பாஸ்புக், மாத்திரைச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அவள் கைப்பேசியில் இருப்பிடம் பகிர்வது யாருக்குப் போகிறது, கூகுள் கணக்கு வேறு எந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று வெளியில் சந்திக்கும்போது பாருங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடிவிடாதீர்கள், அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணும் அவள் தோழியும் 'பால் பாக்கெட் வந்ததா?' என்று வைத்திருந்தார்கள். அந்தச் செய்தி வந்தால் தோழி 112-ஐ அழைத்துவிட்டு ஆட்டோ பிடிப்பாள்.

அழைக்கக்கூடிய இடங்கள்: அவசரத்துக்கு 112; பெண்கள் உதவி எண் 181; இலவசச் சட்ட உதவிக்கு 15100; மனம் தளர்ந்தால் டெலி மானஸ், 14416. சட்ட உதவி ஆணைக் குழுவில் பெண் என்றால் வருமானம் பார்க்காமல் வழக்கறிஞர் தருவார்கள், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு. மாவட்டந்தோறும் சகி ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, அடிபட்ட எந்தப் பெண்ணும் போகலாம். சென்னையில் பி.சி.வி.சி. அமைப்பு குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவி எண்ணும் தங்குமிடமும் நடத்துகிறது. ஓரினம் குழு பால்புதுமையருக்கும் (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோர்) அவர்கள் குடும்பத்தாருக்கும் தோழமை ஆதரவு தருகிறது, புரிந்துகொள்கிற மனநல ஆலோசகர், வழக்கறிஞர் யார் என்று அங்கே கேட்கலாம். எந்த எண்ணை அழைத்தாலும் முதலில் நீங்கள் அழையுங்கள், அவள் பெயர் சொல்லாமல். 'இரண்டு பெண்கள் இணையாக வாழ்கிறார்கள், ஒருத்திக்கு அடி விழுகிறது' என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் ஒரு நொடி மௌனமோ, ஒரு சிரிப்போ, 'அப்படியெல்லாமா?' என்றோ வந்தால், நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். அந்த முதல் அவமானத்தை அவளுக்குப் பதில் நீங்கள் வாங்கிக்கொள்வதே பெரிய உதவி.

கடைசியாக அந்த விரல். கட்டுப் பிரிக்க அவள் மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும், பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில். அன்று நீங்கள் கூடப் போங்கள். மற்றவளும் வருவதாகச் சொன்னால் வரட்டும், தடுக்க வேண்டாம். நோயாளியைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நர்ஸிடம் முன்கூட்டியே காதில் போட்டு வையுங்கள். உள்ளே மருத்துவர் 'எப்படி ஆச்சு?' என்று திரும்பக் கேட்டால், அவள் விரும்பினால் உண்மையைச் சொல்லலாம். முன்பு விபத்துப் பதிவேட்டில் 'கதவு' என்று எழுதியிருப்பதால் எல்லாம் போயிற்று என்று இல்லை. பயத்தில் மாற்றிச் சொல்வது நீதிமன்றங்கள் பார்க்காத விஷயம் இல்லை, எக்ஸ்ரே படமும் தேதியோடு அப்படியே இருக்கும். ஏ.ஆர். எனப்படும் அந்த விபத்துப் பதிவேட்டின் நகலுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்று அவள் எதுவும் சொல்லாமல் 'கதவுதான்' என்றால், அதையும் விடுங்கள். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுங்கள். இடது கையால் டம்ளரைப் பிடிப்பாள், அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருங்கள்.